காற்று மெஷினுக்குச் சட்டை தைத்த டேப் அக்கா

என் கணவரின் அண்ணன் மனைவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அதனால் அவர் ‘டேப் அக்கா’. பள்ளிச் சீருடை தைப்பது வேலை. பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தோள் அளவைக் கண்ணாலேயே எடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர், கணவர் இறந்துபோன பிறகு, ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார்.

அழுகை, பயம், மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பால் வாங்க வேண்டும் என்று பையை எடுப்பார். படுக்கை முன்னறையில். சன்னலுக்கு வெளியே பேருந்துகள் திரும்பும் இடம். ஓட்டுநர்கள் இன்ஜினை அணைக்காமலே டீ குடிக்கப் போவார்கள். சன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கரித்துணியாக வரும். அந்தக் கரியைத்தான் அக்கா மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் மகனோடு நானும் டாக்டரிடம் போனேன். சன்னல் புகையையும் சொன்னேன்.

“வயசான பொம்பளைங்களுக்கு இந்தப் புகை மனசையும் வாட்டும், மறதியையும் கூட்டும்னு சொல்றாங்க. இவங்கள முதல்ல பின்னறைக்கு மாத்துங்க” என்றார் டாக்டர்.

மகன் பலமாகத் தலையாட்டினான். நேரே கடைக்குப் போய்க் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை வாங்கினான். அதைப் பின்னறையில் வைத்தான். அவனும் மருமகளும் படுக்கும் அறை அது. சன்னலைத் திறந்தால் மரம்.

“முன்னறை பெருசு சித்தி, அதுக்கு இது பத்தாது” என்றான். அம்மா மேல் அவ்வளவு அக்கறை. பாவம், அந்த அக்கறை சின்ன அறைக்குத்தான் பத்தும்.

காற்று சுத்தமாக இருந்தால் மெஷினில் பச்சை விளக்கு. அழுக்கென்றால் சிவப்பு. மடித்த துணியோடு அக்கா கதவைத் திறந்தால், தெருப்புகையும் கூடவே நுழையும். உடனே சிவப்பு.

“பாருங்க, அத்தை வந்தாலே சிவப்பாயிடுது. மெஷினுக்கே உங்களப் பிடிக்கல!” என்று மருமகள் சிரித்தாள். அக்காவும் சிரித்தார். அதற்குப் பிறகு நிலைப்படியோடு நின்றுகொண்டார்.

என்னிடம் மட்டும் சொன்னார்: “நீ கேட்டுப் பாரேன். ஓரமா அந்த ரூம்ல படுத்துக்கிறேன். இங்க தலை கல்லு மாதிரி கனக்குது.”

கேட்டேன். “பாக்கலாம் சித்தி” என்றான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அக்காவுக்கு மெஷின் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பயந்தால் உபசாரம் செய்கிறவர் அவர். “பாவம், அது மேல தூசி படுது” என்று நிலைப்படியிலிருந்தே கண்ணால் அளவெடுத்து, பூப்போட்ட துணியில், கீழே சுருக்கம் வைத்து, தலை முதல் கால் வரை உறை தைத்துப் போட்டுவிட்டார். டிவிக்கும் மிக்சிக்கும் உறை போட்ட வீடுதானே. திரைச்சீலைக்குப் பொருத்தம் என்று மருமகளுக்கு ஒரே சந்தோஷம். விளக்கு மறைந்தது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அக்கா தாராளமாக உள்ளே போய்வந்தார்.

“காத்து எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு!” என்று மகன் மூச்சை இழுத்து இழுத்து விடுவான்.

ஒரு மாதம் போனது. கருகல் நாற்றம் வந்தது. மெக்கானிக் வந்து உறையைத் தூக்கினார்.

“காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சு யாருங்க இதுக்குப் பாவாடை கட்டுனது?”

மகன் கத்தினான். “அம்மா! உங்களுக்குப் புத்தி சுத்தமாப் போயிடுச்சு. சித்தி, இனிமே இவங்கள வீட்ல வச்சுக்க முடியாது. ஏதாவது முதியோர் இல்லம் பாக்கணும்.”

அக்கா நாடாவின் நுனியைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. கடவுளை நினைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டேன். “ஏம்ப்பா, ஒரு மாசமா மெஷின் மூச்சே விடல. பக்கத்துலயே படுத்திருந்த உங்க ரெண்டு பேருக்கும் அது தெரியல. ஃப்ரெஷ்ஷா இருக்குன்னு வேற சொன்னே. அப்ப உங்கள எந்த இல்லத்துல சேக்கலாம்?”

மெக்கானிக் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். உள்ளே எதையோ மாற்றி ஓடவைத்து, “புகை வர்ற ரூம்ல வைங்க சார். இங்க இதுக்கு வேலையே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் முன்னறைக்குப் போனது. அதைப் பிரிய மனமில்லாமல் கட்டில் போனது. கட்டிலோடு மகனும் மருமகளும் போனார்கள். அவ்வளவு பெரிய முன்னறையில் இடமில்லை என்று அக்காவைப் பின்னறைக்குத் தள்ளினார்கள். டாக்டர் சொன்னது ஒருவழியாக நடந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்லக்கூடாது, தெரிந்து செய்யவில்லை. இல்லத்துப் பேச்சும் நின்றது. என் கேள்விக்கு இன்னும் பதில் யோசிக்கிறார்கள் போல.

அக்காவின் மறதி போய்விடவில்லை. ஆனால் அழாமல் தூங்குகிறார். “யார் வீடு இது? காத்து நல்லா வருதே” என்று காலையில் கேட்கிறார். நேற்று நாடாவோடு என்னிடம் வந்தார்.

“அந்த மெஷின் அம்மணமா நிக்குது, பாவம். இன்னொரு சட்டை தைக்கட்டுமா?”

கடவுள் என்னை மன்னிக்கட்டும். துணி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல கெட்டித் துணி.