சபரி ஓட்டிய சேஸிஸ்

டெக்ஸாஸின் கேட்டி ஊரில் நஞ்சுண்டனைத் தெரிந்த பலருக்கு அவர் எண்ணெய்க் கம்பெனியில் குழாய்களின் அழுத்தத்தைக் கணக்கிடும் இன்ஜினியர். பொங்கல் விழாவில் பந்தி முடிந்ததும் நாற்காலி அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர் எங்கே போகிறார் என்பது மட்டும் அநேகம் பேருக்குத் தெரியாது.

மேற்கே நெல்வயல்களைத் தாண்டி மண்ணால் ஆன ஓர் ஓவல் ரேஸ் தடம் இருக்கிறது. அங்கே லேட் மாடல் என்ற வகைக் கார்கள் ஓடும். கார் என்பது பேருக்குத்தான். எஃகுக் குழாய்களைக் கூண்டு போலப் பற்றவைத்த சேஸிஸ், அதைச் சுற்றி மெல்லிய தகடு, முன்னால் ஒரு முரட்டு இன்ஜின், அவ்வளவுதான். வளைவு வந்தால் மூக்கை உள்பக்கம் திருப்பிக்கொண்டு, புழுதியை வாரி இறைத்தபடி பக்கவாட்டில் சறுக்கியே போகும்.

அப்படி ஒரு காரை ஓட்டியவன் சபரி. கோயமுத்தூரில் நஞ்சுண்டனோடு ஒரே காலேஜில் படித்தவன். அந்த ஊரிலேயே சின்ன வயதில் கோ-கார்ட் என்னும் குட்டி ரேஸ் வண்டி ஓட்டிப் பழகியவன். டெக்ஸாஸுக்கு வந்தபின் எல்லோரும் வீடு வாங்கிக்கொண்டிருந்தபோது இவன் ரேஸ் கார் வாங்கினான். ஸ்பிரிங், ஷாக், டயர் எல்லாம் நஞ்சுண்டன் பொறுப்பு. ரேஸ் நடக்கும்போது தடத்தின் நடுத் திடலில் இரண்டு குச்சிகளை ஏந்தி நிற்பதும் அவர்தான். ஓட்டுகிறவர்களுக்குக் காதில் ரேஸ் அதிகாரியின் குரல் மட்டுமே கேட்கும். பின்னால் வருகிறவன் எவ்வளவு நெருங்கிவிட்டான் என்பதை அவரவர் ஆட்கள் குச்சிகளை விரித்தும் சேர்த்தும்தான் காட்டவேண்டும்.

ஓர் ஆகஸ்ட் மாதம். வெயில் இன்னும் இறங்கவில்லை. யாரோ சுழன்று நின்றுவிட, மஞ்சள் விளக்கு எரிந்து, கார்கள் வரிசையாக மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. சபரியின் கார் மூன்றாம் வளைவைத் தாண்டியதும் வரிசையை விட்டு விலகியது. சரிவில் தானாக உருண்டு வந்து புல்லில் நின்றது. எதிலும் மோதவில்லை. இன்ஜின் அணைந்துவிட்டது என்றுதான் நஞ்சுண்டன் நினைத்தார். இடம் போய்விடுமே என்ற ஆத்திரத்தில் குச்சிகளை வீசிக்கொண்டு ஓடினார்.

"எட்றா! வண்டிய எட்றா! தூங்கறயா அங்க?"

கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார். ஹெல்மெட் லேசாக முன்பக்கம் சாய்ந்திருந்தது. பாதுகாப்பு ஆட்கள் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கார் நிற்பதற்கு முன்பே உயிர் போயிருக்கலாமாம். காரில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு நஞ்சுண்டனுக்குச் சனிக்கிழமை என்றாலே பயம் வந்தது. மாலை ஆனதும் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல் நடப்பார். ஒரு வருஷம் அப்படியே கழிந்தபின், தானே ஓட்டப்போவதாக மனைவி சாரதாவிடம் சொன்னார்.

"ஏனுங்க, பித்துப் புடிச்சிருச்சா உங்களுக்கு? இந்த வயசுல ரேஸ் ஓட்டறாராமா!"

"வீட்ல உக்காந்தா அவன் மூஞ்சியேதான் நிக்குது, சாரதா. அங்க போனாலாவது..."

"அங்க போனா மட்டும் நிக்காதாக்கும்?"

ஆனாலும் சேஸிஸ் தேட ஆரம்பித்தார். அந்தத் தடத்தில் ஜெயிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தயாரிப்பாளரின் புது சேஸிஸைத்தான் வைத்திருந்தார்கள். விறைப்பானது. மண் காய்ந்து வழுக்கத் தொடங்கினாலும் பிடித்து ஓடும். அந்தக் கம்பெனி ஆளே வாராவாரம் உதிரி பாகங்களோடு தடத்துக்கு வருவார், ஏதாவது வளைந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். புதிதாக ஓட்ட வருகிறவனுக்கு அதுதான் நல்லது என்று நஞ்சுண்டனுக்கும் தெரிந்தது.

அப்போதுதான் சபரியின் மனைவி ப்ரியம்வதா போன் செய்தாள்.

"அண்ணா, நீங்க சேஸிஸ் பாத்துட்டு இருக்கறதா சாரதா சொன்னா. இவரு கார் இங்க கராஜ்லயேதான நிக்குது? ஒவ்வொரு வாட்டியும் கராஜ் டோர் ஓபன் பண்றப்ப, உள்ள அவரு உக்காந்திருக்கற மாதிரியே இருக்குண்ணா. எடுத்துட்டுப் போயிருங்க. யாரோ ஓட்டறதுக்கு நீங்க ஓட்டுங்க."

மறுக்க அவரால் முடியவில்லை. அந்தச் சட்டகத்தின் ஒவ்வொரு குழாயும் அவர் கை பட்டது. கொஞ்சம் பழைய வடிவம், தப்புச் செய்தாலும் பொறுத்துப்போகும் வண்டி என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார்.

"எடுங்க, வேண்டாங்கல. ஆனா அந்த சீட்ல நீங்க உக்காரக் கூடாது," என்றாள் சாரதா.

சீட்டை மாற்றினார். பெல்ட்டை மாற்றினார், ஸ்டியரிங்கையும் மாற்றினார். பெடல்களை மட்டும் விட்டுவிட்டார். அவை சபரியின் கால் நீளத்துக்கு வைத்தவை. முதல் நாள் உட்கார்ந்தபோது அவருக்கும் சரியாகவே இருந்தன. இருவரும் ஒரே உயரம் இல்லை.

பயிற்சி ஓட்டத்தில் முதல் இரண்டு வளைவுகளும் நன்றாகவே போயின. மூன்றாம் வளைவின் முடிவில், மிதிக்கவேண்டிய இடத்தில், அவர் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்துவிட்டது. அவர் எடுக்கவில்லை, அது எழுந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. கார் தன் வேகத்தை விட்டுவிட்டு அந்தப் புல் சரிவைப் பார்த்து இறங்கப் பார்த்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியை மூடியதும் கோடாலித் தைலத்தின் வாசம் வந்தது. புழுதிக்கு மூக்கடைக்கும் என்று சபரி தடவிக்கொள்வது அது. ஹெல்மெட் நஞ்சுண்டனுடையது, புத்தம் புதியது.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் இதே கதை. ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தார். பின்சக்கர இணைப்புகளை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மற்ற கார்கள் அந்த இடத்தில்தான் அவரைத் தாண்டிப் போயின. சேஸிஸ் எங்கோ வளைந்திருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, ஒரு பட்டறையில் அளவுச் சட்டத்தில் ஏற்றிப் பார்த்தார். குழாய்கள் அத்தனையும் நேராக இருந்தன. பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல. இத்தன வருஷம் ஓடின வண்டி இவ்வளவு நேரா இருந்து நான் பாத்ததில்ல," என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் டிரெய்லரில் நின்ற காரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். ஃப்ரீவேயில் தன் எக்ஸிட்டைக்கூடத் தவறவிட்டார்.

அடுத்த பயிற்சி நாளில் ப்ரியம்வதா வந்திருந்தாள். சபரி போனபின் அவள் அங்கே கால் வைத்தது அதுவே முதல் முறை. கார் நிற்கும்வரை வேலியோரம் நின்றிருந்தாள்.

"எந்த இடம்ணா?"

அவர் கூட்டிப்போய்க் காட்டினார். புல் வளர்ந்து கிடந்தது. அவள் குனிந்து அதைத் தொட்டாள்.

"அன்னிக்குக் காலைலயே நெஞ்சக் கரிக்குதுன்னார். கேஸா இருக்கும்னு சீரகத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். டாக்டர்கிட்ட போலாம்னு நான் ஒரு வார்த்த சொல்லலண்ணா. சாயந்தரம் ரேஸ் இருக்கே, சொன்னா கோவிச்சுக்குவாருன்னு விட்டுட்டேன்."

நஞ்சுண்டன் குச்சிகளைப் பற்றியும், தான் கத்தியதைப் பற்றியும், அந்த வார்த்தையையும் சொன்னார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. முகம் இறுகிப் போயிற்று.

"இத்தன நாள் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது?"

"நானும் இப்பத்தான சொல்றேன்," என்றாள். பிறகு, காரின் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "ஓட்டறப்ப அவரு இருக்காரா?"

"இருக்கான்."

"எறக்கி விட்டுருங்கண்ணா. போதும்."

காரை லூசியானாவிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். டிரெய்லரில் ஏற்றுமுன் நஞ்சுண்டன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கூண்டின் மேற்குழாயில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு சங்கிலி கட்டி ஏற்றிக்கொண்டு போனார். அதுவரை காலியாகவே விட்டிருந்த கராஜில் ப்ரியம்வதா தன் காரை நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

நஞ்சுண்டன் அந்த விறைப்பான புது சேஸிஸையே வாங்கினார். பெடல்களைத் தன் காலுக்கு அளந்து பொருத்தினார். தைல வாசம் வரவில்லை. கால் மட்டும் மூன்றாம் வளைவில் இன்னும் எழுந்தது. முன்போல முழுக்க இல்லை, லேசாக. பேய் சேஸிஸில் இல்லை என்று அவருக்கு அப்போது புரிந்தது. புரிந்தும் அவர் ஓட்டுவதை விடவில்லை.

அந்த சீசனின் கடைசி வாரங்களில், ரேஸ் பக்கமே எட்டிப் பார்க்காத சாரதா கூட வர ஆரம்பித்தாள். கையில் ஒரு பிளாஸ்க் காபியோடு கேலரியின் முதல் வரிசையில் உட்காருவாள். அப்படி ஒரு நாள், பொழுது சாயும் நேரத்தில், மஞ்சள் விளக்கு எரிந்தது. வரிசையில் முன்னால் ஒரு பெண் ஓட்டிப் போன நீலக் கார் ஒதுங்கிப் புல்லில் நின்றது. நஞ்சுண்டன் தன் காரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். காதில் அதிகாரி "காரை விட்டு இறங்காதே" என்று கத்திக்கொண்டிருந்தார். பெல்ட்டை அவிழ்த்து, ஜன்னல் வலையைக் கழற்றி, வெளியே குதித்து ஓடினார்.

"மேடம்! மேடம்! கேக்குதா?" என்று தமிழிலேயே கூவிக்கொண்டு அந்தக் காரின் கூரையைத் தட்டினார்.

ஓட்டிய பெண் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி அவரைப் பார்த்தாள். ஆயில் பிரஷர் விழுந்துவிட்டது, அதனால்தான் இன்ஜினை அணைத்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

மற்ற கார்கள் ஓடும் தடத்தில் இறங்கியதற்காக அவரை அன்றைய ரேஸிலிருந்து நீக்கினார்கள். அவர் தகராறு செய்யவில்லை. வண்டியை ஏற்றிவிட்டு டிரக்கில் உட்கார்ந்தவர் கையுறைகளைக்கூடக் கழற்றவில்லை. சாரதா காபியை ஊற்றிக் கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான இருக்கா?"

"நல்லா இருக்கா."

"நகருங்க, நான் டிரைவ் பண்றேன்."

அடுத்த சனிக்கிழமை அவர் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை போனார்.