கேட்டும் கொடுக்காத பேட்

"பையனுக்குங்களா?" என்று கேட்டார் விளையாட்டுச் சாமான் கடைக்காரர். நாற்பத்தேழு வயதில், தொந்தியும் கண்ணாடியுமாக ஒருவன் வந்து டேபிள் டென்னிஸ் பேட் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்குப் பையன் கிடையாது. ஆனாலும் "ஆமா" என்று தலையாட்டிவிட்டேன். திருப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகியும் இந்த ஊர் மரியாதை எனக்குப் பிடிபடவில்லை. தெற்கே எங்கள் உடன்குடிப் பக்கம் என்றால், "இந்த வயசுல ஒமக்கு எதுக்குவே பேட்டு?" என்று நேராகவே கேட்டிருப்பார்கள். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். இங்கே 'ங்க' போட்டு மெத்தென்று கேட்கிறார்கள். எனக்கோ பொய்தான் முதலில் வாய்க்கு வருகிறது.

ஆனால் பேட்டை நான் பிடித்த விதத்திலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஏனுங்க, உங்களுக்குத்தானுங்களே? ஆடி எத்தன வருசமாச்சுங்க?" என்றார். இருபத்தெட்டு வருடம் என்றேன். ரொம்ப நாள் கழித்து ஆட வருகிறவர்கள் செய்கிற தப்பு, கையில் இல்லாத வேகத்தைப் பேட்டில் தேடுவதுதான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மரம் மெதுவானதாக இருக்க வேண்டும், ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பான்ஜ் மெல்லியதாக இருக்க வேண்டும், பந்து நம் சொல் கேட்க வேண்டும். அப்படி ஒரு பேட்டை எடுத்து ஆறு மாதம் ஆடினால் பழைய கை தானாக வந்துவிடும் என்றார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் ஆறு மாதம் இல்லை, மூன்றே வாரம் இருந்தது.

அருள்புரத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஆண்டு விழாவும் அதையொட்டி டேபிள் டென்னிஸ் போட்டியும் வரவிருந்தன. ஆபீஸ், தையல், கட்டிங் என்று எல்லாப் பிரிவு ஆட்களும் ஆடலாம். ஜெயிப்பவருக்கு முதலாளி மேடையில் பொன்னாடை போர்த்துவார். கோயமுத்தூரில் நடக்கும் கம்பெனிகளுக்கிடையேயான போட்டிக்கு நம் கம்பெனி சார்பில் ஜெயித்தவர்தான் போவார். நான் மெர்ச்சண்டைசர். துணிக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவன். ஆனாலும் கம்பெனியில் என்னைக் குறிப்பிட வேண்டுமென்றால் இன்றைக்கும் "அந்தத் தெக்கத்தி ஆளு" என்றுதான் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அடையாளத்துக்குத்தான். இருந்தாலும் அது எனக்கு வலிக்கும். அந்த மேடையில் ஒருமுறை ஏறிவிட்டால் இந்த ஊர் ஆளாகிவிடலாம் என்று ஒரு நப்பாசை. சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஊரைவிட்டு வந்தவர்களுக்குப் புரியும்.

எனக்குக் குறுக்கே நின்றவன் பிபின். ஒடிசாவிலிருந்து வந்தவன், இருபத்தாறு வயசு, கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் வரைந்த கோட்டிலிருந்து ஒரு நூல் விலகாமல் கத்தியை ஓட்ட வேண்டும். ஒரு தடவை கை பிசகினால் அத்தனை துணியும் வேஸ்ட், அல்லது விரல் போகும். அப்படிப்பட்ட கை அவனுக்கு. கம்பெனியின் ஓரம் பிய்ந்த பேட்டை வைத்துக்கொண்டே பந்தைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பான். நேர்மையாக ஆடினால் அவனிடம் நான் ஐந்து பாயிண்ட் எடுத்தால் பெரிது.

இதையெல்லாம் சொல்லி, வேறு வழி ஏதாவது உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, உள்ளே போய் ஒரு ரப்பரை எடுத்து வந்தார். லாங் பிம்பிள்ஸ் என்று பெயர். வழவழப்பாக இல்லாமல், துணி துவைக்கிற பிரஷ் மாதிரி நீள நீளமான முள். எதிராளி எப்படிச் சுழற்றி அடித்தாலும் அந்தச் சுழற்சி அவனுக்கே எதிராகத் திரும்பிப் போகும். பழக்கமில்லாதவன் அடிக்கிற பந்தெல்லாம் வலையில் விழும், இல்லை மேசையைத் தாண்டிப் பறக்கும். "இது சட்டப்படி ஓகேங்க. ஆனா இதுல ஆடுனா உங்க கை வராதுங்க, அடுத்தவங்க கைதான் போகும்" என்றார். அதைத்தான் வாங்கினேன். மறுபக்கத்துக்குச் சாதாரண ரப்பரை ஒட்டச் சொன்னேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் அவர் கடை மாடியில் இருந்த மேசையில் பழகினேன்.

எங்கள் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சாப்பாட்டு மேசைகள் இரண்டை ஒட்டிப் போட்டுத்தான் ஆடுவோம். இருந்ததே இரண்டு பேட். ஒன்று நல்லது, மற்றது கைப்பிடி ஆடும். ஒரு செட் முடிந்ததும் பேட்டை மாற்றிக்கொள்வோம். யாரும் போட்ட சட்டம் இல்லை. தோற்றவன் பேட்டைக் குறை சொல்லக்கூடாது, அவ்வளவுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வோம். வெளியூர்ப் போட்டிக்குப் போனபோதுதான், ஆட்டம் தொடங்குமுன் எதிராளி கையில் நம் பேட்டைக் கொடுத்து, அவன் ரப்பரைத் தடவிப் பார்க்க விடுவது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம் என்று தெரிந்துகொண்டேன். எல்லாம் தெரிந்தவன்தான் நான்.

விழா அன்றைக்கு இறுதி ஆட்டத்துக்கு எதிர்பார்த்தபடியே நாங்கள் இரண்டு பேரும் வந்து நின்றோம். என் மனைவி எஸ்தர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிபின் வந்து இரண்டு கையையும் நீட்டினான். "சார், பேட்டக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தரேனுங்க." இங்கே வந்து ஐந்து வருடத்தில் அவன் பேசுகிற கொங்குத் தமிழ் எனக்கு இன்றைக்கும் வராது. நான் பேட்டைக் கொடுக்கவில்லை. "எல்லாம் ஒரே ரப்பர்தாம்டே, நேரமாச்சு, ஆடு" என்றேன். நடுவராக நின்ற ஹெச்ஆர் மேனேஜருக்கு வழக்கமும் தெரியாது, ரப்பரும் தெரியாது. பிபின் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனான்.

மூன்று கேமும் நேராக எனக்கே. அவன் அடித்த பந்தெல்லாம் வலையில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் பந்தைப் பார்க்கவில்லை, தன் மணிக்கட்டைத்தான் பார்த்தான். விரல்களை மடக்கி மடக்கி நீட்டினான். அது என் கண்ணில் பட்டது. ஆனாலும் அடுத்த சர்வீஸைப் போட்டேன். பொன்னாடை கிடைத்தது, கைதட்டும் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில் எஸ்தர் கேட்டாள், "அந்தப் பையன் பேட்டக் கேட்டாம்லா? நீங்க ஏன் குடுக்கல?" ஹார்ன் சத்தத்தில் கேட்காத மாதிரி வண்டியை ஓட்டினேன்.

கோயமுத்தூரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரில் நின்றவர் பேட்டைக் கேட்டு வாங்கினார், ரப்பரைப் பெருவிரலால் ஒரு தடவு தடவினார், லேசாகச் சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தார். முதல் சுற்றிலேயே கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். அதோடு தீர்ந்தது, தண்டனையும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாம்பிள் விஷயமாகக் கட்டிங் பக்கம் போனேன். பிபினின் மெஷினில் வேறொரு ஆள் நின்றான். கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி அண்ணன் குன்னத்தூர்க்காரர், அதிர்ந்து பேச மாட்டார். "அவன் இனிக் கட்டிங்கே வேண்டாங்கறானுங்க. கை சொல்பேச்சு கேக்க மாட்டீங்குதாமா. உங்ககூட ஆடுனாம் பாருங்க, அன்னிக்குத்தான் அவனுக்கே தெரிஞ்சுதாமா. துணி பாழாப் போயிரும், வெரலு போயிரும்னு பயந்துக்கிட்டுப் பேக்கிங்குக்குப் போயிட்டானுங்க. டாக்டர்கிட்டக்கூடக் காட்டிட்டான்" என்றார்.

ஒரு ஆட்டத்தில் ஏமாற்றியதாகத்தான் நினைத்திருந்தேன். அவன் பிழைப்பே அந்தக் கைதான். அது நல்ல கையில்லை என்று அவனையே நம்ப வைத்திருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அப்போது குறுகுறுக்கவில்லை, எரிந்தது. மறுநாள் டீ நேரத்தில் பேட்டை எடுத்துக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பிபின், பீகார்க்காரத் தோழன் ஒருவனோடு உட்கார்ந்திருந்தான். "ஒங் கைல ஒரு கொறையும் இல்லடே. எல்லாம் இந்த ரப்பர் செஞ்ச வேல. நான்தான் மறைச்சிட்டேன்" என்று சொல்லிப் பேட்டை நீட்டினேன்.

அவன் முள்ளை விரலால் வளைத்துப் பார்த்தான். ஒரு பந்தைக் கேட்டு வாங்கி, சுழற்றிப் போட்டுத் தட்டிப் பார்த்தான். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கோபப்படுவான் என்று நினைத்தேன், பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னிக்கே கேட்டனுங்களே சார்" என்றான். பிறகு பேட்டை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து, நேராகப் பழனிச்சாமி அண்ணனைப் பார்க்கக் கிளம்பினான்.

பக்கத்திலிருந்த பீகார்க்காரன், என்ன ஆச்சு என்று இந்தியில் "க்யா ஹுவா?" எனக் கேட்டான். பிபின் திரும்பிப் பார்க்காமலே, "குச் நஹீ. யஹாங் கா ஆத்மி ஹை" என்று சொல்லிக்கொண்டே போனான். பையர்களோடு வருகிற டெல்லிக்காரர்களிடம் பேசிப் பேசி அந்த அளவு இந்தி எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை, இந்த ஊர் ஆள் என்றான், இவர்கள் இப்படித்தான் என்கிற குரலில்.

இருபத்திரண்டு வருடமாக யாராவது ஒருவர் என்னை அப்படிச் சொல்லிவிட மாட்டார்களா என்று காத்துக் கிடந்தவன் நான். தலையைக் குனிந்துகொண்டு என் சீட்டுக்குப் போனேன்.