கன்ட்ரோல் போட்ட பூட்ஸ்

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தம்பி வீட்டு முன்னறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் கன்ட்ரோல்.

"கன்ட்ரோல், இங்க தெருவுல பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான்."

"பின்னாடி வந்து மாவு மில் சந்துல திரும்புங்கண்ணே. இடிக்காம வாங்க, போன வாரம்தான் கண்ணாடிய உடைச்சீங்க."

மாவு மில் சந்தை அவள் பார்த்ததே இல்லை. மாடிப்படியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனபிறகு சொந்த ஊரில் அவள் பார்த்த தெருக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருப்பவை மட்டும்தான்.

போதாக்குறைக்கு வலது குதிகாலில் ஒரு புண். ஆறவே ஒரு வருஷம் பிடித்தது. கட்டுப்போடும் நர்சம்மா கடைசி நாளில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்: "இறுக்கமா எதையும் கால்ல மாட்டாதீங்க. உங்களுக்கு வலிக்காது, அதான் ஆபத்தே. மறுபடி திறந்துச்சுன்னா கால எடுக்கணும்." அன்றிலிருந்து தொளதொளத்த துணிச் செருப்புதான்.

இப்படிப்பட்டவளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனான் தம்பி. அவனுக்கு ஷூ பட்டறை. வெளிநாட்டுச் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோவான். "அக்காவ வீட்லயே அடைச்சு வெக்க எனக்கு மனசு வரல" என்று அவன் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் வேறு. உடம்புக்கு முடியாத பயணிகளின் மருத்துவச் சாமானுக்கு விமானத்தில் காசு இல்லை. குளிக்கிற நாற்காலி, மெத்தை, குழாய்கள் என்று எழுதி ஒட்டிய பெரிய பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதும் இல்லை. குளிக்கிற நாற்காலி வீட்டிலேயே கிடக்கும். பெட்டிக்குள் ஷூ போகும்.

கன்ட்ரோலுக்கு எல்லாம் தெரியும். போய் இறங்கியதும் அவளை லாட்ஜ் அறையில் விட்டுவிட்டு தம்பியும் அவன் மனைவியும் சந்தைக்குப் போய்விடுவார்கள். குளியல் கிடையாது. ஆனால் ஜன்னல் உண்டு. கீழே புதுத் தெரு, புது வண்டிகள், யாருக்கும் அவள் வழி சொல்ல வேண்டாத ஊர். இரண்டு முறை போய்வந்து ஓட்டுநர்களிடம் மாதக்கணக்கில் கதை அளந்தாள். மூன்றாவது முறையும் கூப்பிட்டபோது சரி என்று தலையை ஆட்டினாள்.

இந்தத் தடவை கவுன்ட்டரில் இருந்த பெண் தம்பியைப் பார்க்காமல் நேரே அவளைப் பார்த்துக் கேட்டாள். "மேடம், இதுல உங்க மருத்துவச் சாமான் மட்டும்தானே இருக்கு?"

"ஆமாம்மா, என்னுதுதான்."

"ஒருதரம் திறந்து பாத்துடறேன். இப்ப அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

ஜிப்பைத் திறந்ததும் பூட்ஸ்கள் தொபதொபவென்று விழுந்தன. இரும்பு வேலைக்காரர்கள் போடுகிற முரட்டு பூட்ஸ். வரிசையில் நின்ற ஒருவன் அவள் காலையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தான். "நடக்காமலே இவ்வளவு தேயுதா?" என்றான். வரிசை சிரித்தது.

தம்பி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இவங்கதாங்க பெட்டி கட்டினாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னக்கா இது?"

கன்ட்ரோல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி பூட்ஸுக்கு இடம் விட்டாள்.

முழுப் பெட்டிக்கும் கட்டணம் கட்டச் சொன்னார்கள். தொகையைக் கேட்டதும் தம்பி முகம் சுண்டிப்போயிற்று. மூவரும் ஓரமாக ஒதுங்கினார்கள். கன்ட்ரோலின் துணிமணிப் பெட்டி வீட்டுக்குத் திரும்ப, வெளியே நின்ற பட்டறைக் காரில் ஏறியது. அந்தப் பெட்டிக்கு உண்டான எடையில் பூட்ஸ் ஏறியது. மிச்சத்தைக் கைப்பைகளில் திணித்தார்கள். அதற்கும் அடங்காததைத் தம்பியும் அவன் மனைவியும் காலில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு ஜோடி மிஞ்சியது.

தம்பி மனைவி குனிந்து துணிச் செருப்பைக் கழற்றினாள். "அண்ணி கால் சும்மாதானே இருக்கு."

"வேணாம்மா. குதிகால்."

"இறங்கினதும் கழட்டிடலாம்கா," என்றான் தம்பி. "பிடிக்கலன்னா சொல்லு, கார் இன்னும் வாசல்லதான் நிக்குது. வீட்டுக்குப் போயிடு."

கண்ணாடிக்கு வெளியே கார் நின்றது. அதில் ஏறினால் முன்னறை, ஹெட்போன், மாவு மில் சந்து. "சரி, மாட்டு" என்றாள்.

வீங்கிய காலை உள்ளே தள்ள இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவிழாமல் இருக்க நாடாவில் இரட்டை முடிச்சு.

இறங்கியதும் வியாபாரி போனில் கத்தினான், சரக்கு எங்கே என்று. அவளை லாட்ஜ் ஜன்னலோரம் தள்ளிவிட்டு இருவரும் ஓடினார்கள். அவளால் குனிந்து நாடாவைத் தொட முடியாது. தொடவேண்டும் என்ற அவசரமும் தோன்றவில்லை, எதுவும் வலிக்கவில்லையே. அன்று முழுக்கத் தெருவைப் பார்த்தாள். ஒரு மஞ்சள் கார் தப்பான திருப்பத்தில் மாட்டிக்கொண்டு திணறியதைக் கண்டு தனியாகச் சிரித்தாள்.

மறுநாள் மிச்ச ஜோடிக்கு ஆள் கிடைத்தபிறகுதான் பூட்ஸ் ஞாபகம் வந்தது. தம்பி மனைவி இழுத்தாள். இடது பூட்ஸ் வந்தது. வலது பூட்ஸோடு குதிகால் தோலும் வந்தது.

அறையில் அடித்த நாற்றத்துக்குத் தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டான். பூட்ஸை வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தான். "அடியெல்லாம் ஊறிப்போச்சே. இத இனிமே எவன் வாங்குவான்?"

ஊர் திரும்பியபின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே கன்ட்ரோல் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஓட்டுநர்களுக்கு ஒன்றும் தெரியாது. "பயணம் எப்படி?" என்றார்கள். மஞ்சள் காரைப் பற்றிச் சொன்னாள்.

ஒரு மத்தியானம் தம்பி மனைவி தட்டை எடுக்க வந்தவள் கதவோரம் நின்றாள்.

"அண்ணி, செயற்கைக் கால் வெச்சா, அதுக்குன்னு தனியா ஒரு பெட்டி விடுவாங்களா? காசில்லாம?"

கன்ட்ரோல் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். "விடுவாங்க. இன்னொண்ணையும் எடுத்துட்டா ரெண்டு பெட்டி."

தம்பி மனைவி சிரிக்கவில்லை. கன்ட்ரோலின் இடது காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.