சாமி அறைச் சுவரில் ஏறாத குழாய்

என் வீட்டுக்காரர் அப்துல் அஜீஸ் ஒரு பிளம்பர். முப்பத்தோரு வருடமாகச் சுவரை உடைத்துச் சம்பாதிக்கிறார். ஆனால் ஓர் ஆளை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. சிங்கப்பூரில் ஃபேரர் பார்க்கில் எங்கள் கடை. வேன் ஓட்டுவது நான், பிளான் வரைவது நான், வாடிக்கையாளரோடு சண்டை போடுவதும் நான்தான். ஒருமுறை டைல்ஸ் கடைக்காரன் ஒருவன் இவர் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, கையில் சுத்தியலை வைத்துக்கொண்டே சாரி கேட்ட மனிதர் இவர். அந்தக் கடைக்காரனின் கையைக் கடித்து வைத்தது நான். மைமூன் என்றால் எங்கள் தெருவில் கொஞ்சம் பயம் உண்டு.

போன வருடம் சுவா சூ காங் பக்கம் ஒரு தரைவீட்டில் வேலை வந்தது. உமாசுதன், தாரகா என்று கணவனும் மனைவியும் மட்டும் இருந்த வீடு. கீழே இருந்த வாஷிங் மெஷினை மேல்மாடிக்கு மாற்ற வேண்டும். மெஷின் வைக்கப்போகிற மூலைக்கு அடுத்தது சாமி அறை.

நான் வரைந்த பிளானில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மெஷின் கக்குகிற தண்ணீர் செங்குத்தாக நிற்கும் ஒரு குழாயில் இறங்கும். அதன் அடியில் ஒரு வளைவு. வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். மெஷின் ஒரே வேகத்தில் தண்ணீரைத் தள்ளும்போது குழாய்க்குள் காற்று வர வழி இல்லையென்றால், வளைவில் நிற்பதையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் வென்ட் பைப். வளைவைத் தாண்டியதும் மேலே கிளம்பி, கூரைக்கு வெளியே போய் நிற்க வேண்டும். அது ஏறுவதற்கு அங்கே இருந்தது சாமி அறைச் சுவர் ஒன்றுதான்.

கழிவுக்குழாய் சாமி படத்துக்குப் பின்னால் ஏறுவதா என்று உமாசுதன் முகத்தைச் சுளித்தான். அதில் கழிவு வராது, வெறும் காற்றுதான் என்று நான் வாயெடுப்பதற்குள், எடுத்துவிடலாம் சார் என்று இவர் தலையாட்டிவிட்டார். வேனில் ஏறியதும் பிடித்துக் காய்ச்சினேன்.

"அடுத்தவங்க சாமி, மைமூன். நாம போய் அந்தச் சுவத்துக்காக வாதாடினா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அதுவே நம்மவர் வீடாக இருந்திருந்தால் கூரையைப் பிய்த்தாவது குழாயை ஏற்றியிருப்பார். மரியாதையாம். என் வாயை அடைத்ததும் அந்த மரியாதைதான். பிளானில் வென்ட் பைப்புக்குப் போட்ட கோட்டை அழித்தது என் கை.

மூன்று வாரம் கழித்துத் தாரகா போன் செய்தாள். போனோம். அவள் மணிக்கட்டில் கட்டு. கண்ணுக்குக் கீழே பவுடரையும் மீறித் தெரிந்த நீலம். ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். மாடிப்படி ஏறும்போதே நாற்றம் மூக்கில் அறைந்தது. உமாசுதன் மேலேதான் நின்றான். சாமி அறை வரைக்கும் சாக்கடை வாடை வருகிறது, ஒழுங்காகக் கழுவுகிற பெண்ணாக இருந்தால் வருமா என்று எங்களிடமே நியாயம் கேட்டான். கேட்டுக்கொண்டே காலடியில் இருந்த வாளியை எட்டி உதைத்தான். அது தாரகாவின் முழங்காலில் போய் மோதியது. அவள் துணி மடிப்பதை நிறுத்தக்கூட இல்லை.

இவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். நிமிர்ந்தார்.

"சார், தப்பு என்னோடது. போட வேண்டிய பைப்ப நான் போடல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

உமாசுதன் ஓங்கி ஓர் அறை விட்டான். இவர் உதடு கிழிந்தது. நான் ஸ்பேனரைத் தூக்கிவிட்டேன். இவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் ரத்தம் வழிய அழுதார். இனி அந்தப் பெண்ணை அவன் அடிக்க மாட்டான், காரணம் தெரிந்துவிட்டது என்றார். நானும் அதை நம்பினேன். இத்தனை வாய் இருந்தும் அறிவில்லாதவள் நான்.

மறுநாள் காலையில் சாமி படங்களை நகர்த்திவிட்டுச் சுவரைப் பிளந்தோம். உமாசுதன் மறுக்கவில்லை, நாற்றம் அவனையும் வாட்டியிருந்தது. டிரில் சத்தத்தில் வீடே அதிர்ந்தது. மதியத்துக்குள் குழாய் கூரையைத் தாண்டிவிட்டது. சுவரைப் பூசினோம். மெஷினை நிரப்பி ஓடவிட்டோம். தண்ணீர் சத்தமே இல்லாமல் இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வளைவில் தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு துளி வாடை இல்லை.

உமாசுதன் வந்து குனிந்து முகர்ந்தான். சாமி அறைக்குள் போய் முகர்ந்தான். திரும்பவும் வந்து முகர்ந்தான். அவன் முகத்தில் நிம்மதி இல்லை. எதையோ தொலைத்தவனைப் போல அங்குமிங்கும் தேடினான். கடைசியில் குத்துவிளக்கின் மேல் செங்கல் தூசி படிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். அதைத் துடைக்கத்தான் தாரகா துணியோடு வந்துகொண்டிருந்தாள். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, அவள் முகத்தைச் சுவரில் மோதினான். காயாத சிமெண்டில் ரத்தம் ஒட்டியது.

இவர் வெறுங்கையோடு நடுவில் பாய்ந்தார். உமாசுதன் எங்கள் சுத்தியலையே எடுத்து இவர் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. பெரிய ரெஞ்ச்சால் அவன் முழங்காலைப் பார்த்து வீசினேன். சரிந்து விழுந்து அலறினான். பொய் சொல்ல மாட்டேன், அந்த அலறல் எனக்கு இனித்தது. படைத்தவன் என்னை மன்னிக்கட்டும்.

ரெஞ்ச்சைக் கீழே போடாமலே போலீசுக்கு 999ஐ அழுத்தினேன். இவர் ஒரு கை தொங்க, தாரகாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முதலிலேயே அந்தப் பைப்பைப் போட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது, எல்லாம் தன்னால்தான் என்று புலம்பினார்.

தாரகா மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தை விளக்குத் துணியால் துடைத்துக்கொண்டாள்.

"உங்களால இல்ல அண்ணே. ஆறு வருஷமா அடிக்கிறான். அப்பல்லாம் மெஷின் கீழதான் இருந்துச்சு."

பிறகு என் கையிலிருந்த போனை வாங்கி, வீட்டு முகவரியையும் கணவன் பெயரையும் தெளிவாகச் சொன்னாள்.