சக்கரத்தைச் சுற்றி நீலக்கோடு

ரோட்டில் ‘டமார்’ என்று கேட்டால் போதும், தமயந்தி அக்கா ரவிக்கைக் கையைப் பாதித் தையலில் விட்டுவிட்டு ஓடுவாள். மெயின் பஜார் ரவுண்டானாவை ஒட்டித்தான் அவள் தையல் கடை. கழுத்தில் அளவு டேப், கையில் துணிக்குக் கோடு போடும் நீலச் சாக்பீஸ். டேப்பைப் பார்த்து டாக்டரம்மா என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் வழிவிடுவார்கள். அக்கா திருத்துவதில்லை.

முதலில் சாவி. மோதிக்கொண்ட இரண்டு வண்டிச் சாவியும் அவள் முந்தானை முடிச்சுக்குள் போய்விடும். சண்டை போடுகிறவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். “கத்துறவன் நல்லாத்தான் இருக்கான். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எழுந்து நடந்துகினு இருக்கான் பாரு, அவனப் புடிச்சு உக்கார வை!” யாராவது சோடா கொண்டுவந்தால் வாங்கி அவளே குடித்துவிடுவாள்; அடிபட்டவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாதாம். நூற்றியெட்டுக்குப் போன் போட்டதும் குனிந்து ஒவ்வொரு சக்கரத்தைச் சுற்றியும் கோடு போடுவாள். போலீஸ் வந்து பார்க்க அது இருந்தால் போதும், வண்டிகளை ஓரங்கட்டிவிடலாம். இல்லாவிட்டால் நிலக்கரிச் சுரங்கத்து ஷிப்ட் பஸ்ஸுக்குள் ஐம்பது பேர் மணியைப் பார்த்து நெளிந்துகொண்டிருப்பார்கள்.

ஒருமுறை அந்த ஓட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, ரோட்டில் காலித் தகர டின் ஒன்றை ஓங்கிப் போட்டேன். வந்தாள். டின்னைச் சுற்றி வட்டம் போட்டாள். “டேய், அடி பலமா? கூட நீ போறியா ஆஸ்பத்திரிக்கு?” ஒரு மாதம் பஜாரில் என் பெயர் டின்னு.

போன திங்கட்கிழமை மத்தியானம், கிட்டே போகும்வரை கீழே கிடந்தது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் சிங்காரவேலு. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அந்த மாதம் இரண்டு தடவை லேட். இன்னொரு தடவை ஆனால் வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அவசரத்தில் ரவுண்டானாவை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறார், கார் தட்டிவிட்டது. ஹெல்மெட் பைக்கின் கண்ணாடியில் மாட்டிக் கிடந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்ல” என்றார்.

அக்கா சாவியை உருவினாள்.

“குடுடி! சங்கு ஊதறதுக்குள்ள கேட்டுக்குள்ள இருக்கணும். இன்னிக்கும் லேட்டுன்னா சீட்டக் கிழிச்சிடுவான்.”

“கிழிக்கட்டும். உக்காருங்க.”

“எனக்கு என்னா ஆச்சு? நிக்கிறேன் இல்ல?”

“எங்க நிக்கிறீங்க, ஆடிக்கினு இருக்கீங்க.”

வேப்பமர நிழலில் அவரை உட்கார வைத்துவிட்டு வந்து குனிந்தாள். தப்பான பக்கத்தில் இருந்த அவர் சக்கரத்துக்கு அங்கேயே கோடு. “அக்கா, அத மட்டும் இந்தப் பக்கமாத் தள்ளிப் போடேன், தப்பு அவர் மேலன்னு எழுதிடுவாங்க” என்றேன், காதோடு. கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “வண்டியத் தள்ளு” என்றாள். தள்ளினேன்.

நூற்றியெட்டு வர இன்னும் பத்து நிமிடம் என்றார்கள். அக்கா அவர் எதிரில் மண்டியிட்டிருந்தாள்.

“மணி என்னா?” என்றார் அவர்.

“இன்னும் நேரம் இருக்குதுங்க.”

கொஞ்சம் பொறுத்து, புதிதாகக் கேட்பதுபோல், “மணி என்னா?”

“இருக்குதுங்க.”

மூன்றாவது தடவையும் கேட்டார். அப்போது மைன்ஸ் பக்கமிருந்து இரண்டு மணிச் சங்கு ஊத ஆரம்பித்தது. அக்கா நீலம் அப்பிய இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளைப் பொத்தினாள்.