நாலாவது கணினி மறக்காத குரல்

நாங்கள் குடியேறிய வெளிநாட்டில், எல்லர்ஸ்லி பகுதியில் அலுவலகங்கள் கழித்துப்போடும் கணினிகளை வேனில் ஏற்றுவது என் வேலை. அவற்றில் கேட்டு வாங்கிய நான்கை பாபகூராவில் எங்கள் வீட்டு கராஜில் அடுக்கி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை, அவற்றின் கையேடுகளைப் படித்தே கற்றேன். ஒன்றில் ஒரு கட்டளை கொடுத்தால் நான்கும் கேட்கும். ஒன்றில் ஒரு கோப்பை வைத்தால் மற்ற மூன்றிலும் அதன் நகல் இருக்கும்.

பின்னறையில், பிள்ளைகள் மாமா என்று கூப்பிடும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் வாடகைக்கு இருந்தார். பிள்ளைகளை எழுப்ப அவர் குரலைப் பதிவு செய்தேன். "உங்கட அப்பான்ர குரலுக்கு ஒருத்தரும் எழும்பமாட்டினம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தார். காலை ஆறரைக்கு ஹால், சமையலறை, பின்னறை என்று மூன்று ஸ்பீக்கர்களிலும் அது கேட்கும்.

குளிர்காலத் தொடக்கத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மறுநாளும் ஆறரைக்கு அவர் கூப்பிட்டார். ஏழு வயதுச் சின்ன மகள் அதன்பிறகு பின்னறைக்குப் பக்கத்தில் இருக்கும் பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை. பதிவை அழித்தேன். "இனிமே கேக்காதும்மா. அப்பா அழிச்சிட்டேன்" என்று கையடித்துச் சொன்னேன்.

மூன்று வாரம் அமைதி. அவளும் கொஞ்சம் தேறினாள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, இன்னும் இருட்டாக இருந்தபோது, ஹாலில் அவர் பேசினார். "எழும்புங்கோ பிள்ளையள், விடிஞ்சிட்டுது." ஒரு நொடி தள்ளிச் சமையலறையில். இன்னொரு நொடி தள்ளிப் பின்னறையில். ஆள் நடந்துபோகிற மாதிரியே இருந்தது.

மகள் போர்வைக்குள்ளிருந்து, "யூ ப்ராமிஸ்ட், அப்பா" என்றாள்.

குரலைவிட அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

கராஜில் உட்கார்ந்து கையேட்டை மறுபடி படித்தேன். தப்பு என்னுடையதுதான். நான் அழித்த அன்று நாலாவது கணினி ஃபேன் பழுதாகி அணைந்து கிடந்தது. மற்ற மூன்றும் "இது அழிக்கப்பட்டது" என்ற குறிப்பைப் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, அந்தக் குறிப்பையும் அழித்துவிட்டன. ஞாயிறு மதியம் புது ஃபேன் மாட்டி அதை ஓடவிட்டேன். அது தன்னிடம் இருந்த பதிவைப் புதுசு என்று நினைத்து மூன்றுக்கும் கொடுத்துவிட்டது.

மகளை அழைத்துவந்து காட்டினேன். "அப்பா பொய் சொல்லலை. இது மட்டும் அன்னிக்கு இல்லை."

அவள் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "ஸோ... மாமா செத்தது இதுக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலைம்மா."

நான்கிலும் பச்சை விளக்கு எரிகிறதா என்று அவளே எண்ணினாள். அழிக்கும் பொத்தானையும் அவளே அழுத்தினாள். பிறகு, "டன்?" என்றாள். "நாலுலயும் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். எதிலும் இல்லை.

மறுநாள் ஆறரைக்கு நான் ஹாலில் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அவள் தானாக எழுந்துவந்து, விளக்குப் போடாமல், இருட்டான நடைவழியில் தனியாகப் போனாள். பின்னறைக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

எங்களுக்கு எப்போதும் இங்கிலீஷ் கலந்தே பதில் சொல்கிறவள், அவருடைய தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"எழும்பிட்டம், மாமா."