இரண்டாவது கையெழுத்து

நம்பாதவங்க நம்ப வேண்டாம். என் கையில ஊசி இருந்தது, எதிரே ஒரு உயிர் இருந்தது, நேரம் பட்டப்பகல் இரண்டு பத்து. பேய் ராத்திரியிலதான் வரும்னு எந்தப் புண்ணியவான் சொன்னானோ! இன்னைக்கு நினைச்சாலும் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கிட்டு வருது.

அப்போ நான் நர்சிங் இரண்டாம் வருஷம். மாணவிகள் ஜோடி ஜோடியா வார்டுக்குப் போவோம். ஒருத்தி ஊசியில மருந்தை ஏத்தணும். இன்னொருத்தி பாட்டில், ஊசி, அளவு மூணையும் பார்த்து ‘சரி’ன்னு சொல்லி, மருந்துத் தாள்ல கையெழுத்துப் போடணும். ஒருத்திகிட்ட இருந்து ஒருத்தி கத்துக்கணுமாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஐம்பது பேருக்கு ஒரே மேடம், அவங்களும் மதியத்துக்கு மேல கண்ணுல படமாட்டாங்க. தெரியாதவளுக்குத் தெரியாதவ துணை, அவ்வளவுதான்.

என் ஜோடிக்குப் பட்டப்பேர் குண்டூசி. ஒன்றரைக்குச் சாப்பிடப் போனவ திரும்பலை. ஏழாம் கட்டில் அம்மாவுக்குச் சாப்பாடு வந்தாச்சு, அதுக்கு முன்னாடி இன்சுலின் போடணும். மறுநாள் மகள் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போறாள்னு காலையிலிருந்து அதே பேச்சு அந்தம்மாவுக்கு.

குண்டூசியைத் திட்டிக்கிட்டே மருந்தை ஏத்தினேன். “இருபது யூனிட்”னு பழக்கதோஷத்துல சத்தமாப் படிச்சேன்.

டக்... டக்... பின்னாடி செருப்புச் சத்தம். பிடரியில சில்லுனு ஒரு மூச்சு.

“சரி.”

“வந்துட்டீங்களா மகாராணி?” திரும்பாமலே கேட்டேன்.

தாள்ல பேனா கீறுற சத்தம் மட்டும்.

அந்தம்மா கையைப் பஞ்சால துடைச்சேன். ஊசி தோலைத் தொடப் போகுது...

“ஏம்மா... உன் பின்னால நிக்கிற பொண்ணு ஏன் கண்ணை மூடிக்கிட்டே நிக்குது?”

திரும்பினேன்.

யாருமில்லை.

தட்டைப் பார்த்தேன். ஊசியோட மூடி... சிவப்பு. என் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி ஊசிதான் எடுக்கணும். மாத்தி எடுத்தா, கோடு சரியா இருந்தாலும் ரெண்டரை மடங்கு மருந்து உள்ளே போயிடும். சர்க்கரை இறங்கி ஆளே போயிடலாம்.

ஊசியைப் போடாம அப்படியே தட்டுல வச்சேன்.

இரண்டு பதினாறுக்குக் குண்டூசி கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா.

“இப்போ வந்துட்டுப் போனியா?”

“லூசாடி நீ? இப்பதான் வர்றேன்.”

தாள்ல இரண்டாவது கையெழுத்து இருந்தது. தொட்டேன்... மை ஈரம்.

தாளை எடுத்துக்கிட்டு மேடம் ரூமுக்கே ஓடினேன். தாளைப் பார்த்ததும் அவங்க முகம் வெளுத்துப் போச்சு.

“கிழிச்சுப் போடு. புதுசா எழுதி உன் ஜோடிகிட்ட கையெழுத்து வாங்கு.”

“இது யார் கையெழுத்து மேடம்?”

“கிழின்னு சொன்னேன்ல!”

வார்டு ஆயாதான் அப்புறம் சொன்னாங்க. ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு மாணவி பார்க்காமலே ‘சரி’ சொல்லிக் கையெழுத்துப் போட்டா. சாயங்காலம் நோயாளி போயிட்டார். மறுநாள் அவளும் உயிரோட இல்லை.

அதுக்கப்புறம் அதே கையெழுத்து மூணு தடவை வந்திருக்கு. மூணு நோயாளியும் அன்னைக்கே செத்துப் போயிருக்காங்க.

மூணு தாளையும் கிழிக்கச் சொன்னது இதே மேடம்தான்.